பெர்மாங்கனேட் புட்டிக்குப் பின்னால்

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று ஆராதனையில் பெனினா சாட்சி சொன்னாள். அப்போது கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவன் நான். இதை எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

பெனினா என் மாணவி. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு. அந்த வயசிலேயே சர்க்கரை. உடம்பு இன்சுலினைச் சுரக்கவே சுரக்காத வகை. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னாலும் ஊசி, ராத்திரிக்குத் தனியாக ஒன்று. வகுப்பில் வைத்துப் போட்டால் மற்றப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று ஒரு நாள் அழுதாள். அதிலிருந்து மதியம் என் லேபில் வந்து போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். பேனா மாதிரி ஒரு கருவி, ஒரு நிமிஷ வேலை. போட்டு முடித்து ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே போய்விடுவாள். நன்றாகப் பாடுகிற பிள்ளை.

போன வாரம் சுகமளிக்கும் கூட்டத்தில் பாஸ்டர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். இன்று அவள் அம்மா லீலா, கையைப் பிடித்துக் கூட்டிவந்து மைக் முன்னால் நிறுத்தினாள். "கர்த்தர் என்னைச் சொகப்படுத்திட்டாரு. இனிமே எனக்கு ஊசி வேண்டாம்" என்றாள் பிள்ளை.

எங்கள் சபையில் யார் சாட்சி சொன்னாலும் பின்னால் கீபோர்டு மெல்ல ஒலிக்க வேண்டும். அது என் வேலை. சோகமான மைனர் சுரத்தில் பிடித்து நிறுத்திக் கடைசி வாக்கியத்தில் சந்தோஷமான மேஜருக்கு ஏற்றினால் மூன்றாவது வரிசை அழும், பெண்கள் பக்கம் கைதட்டும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒரு பரிசோதனை எனக்கு லேபில் வந்ததே கிடையாது. இன்றும் விரல் தானாக ஏறிவிட்டது.

வரும் வழியில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் மனைவி கிருபா சொன்னாள்: "பாத்தீங்களா, நம்ம சாட்சி ஒரு பிள்ளைக்கு விசுவாசம் குடுத்துருக்கு."

நம்ம சாட்சி என்றால் என் பிரஷர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெபத்துக்குப் பிறகு டாக்டர் அளந்து பார்த்து நார்மல் என்றார். மறு ஞாயிறே கிருபா எழுந்து, "எங்க வீட்டுக்காரருக்குக் கர்த்தர் பிரஷரை எடுத்துட்டாரு" என்று சாட்சி சொல்லிவிட்டாள். அன்றைக்கும் கீபோர்டு நான்தான். அதிலிருந்து எங்கள் வீட்டில் மாத்திரை கிடையாது. குழம்பில் உப்பு தாராளம், வாரத்தில் பாதி நாள் கருவாடு.

இதைப் பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். வாத்தியாரின் பாடக்குறிப்பை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, எழுதுகிற வாத்தியார் உட்பட.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் வழக்கம்போல மணி அடிக்கும் முன்பே போய் லேபைத் திறந்து வழக்கமான வேலையை முடித்தேன்.

காலாண்டுத் தேர்வில் இன்று அறிவியல். வினாத்தாளைப் பிரித்தால், ஒரு மார்க் கேள்வி: இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு எது? பெனினா பக்கம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் போய்விட்டது. 'கணையம்' என்று அழகாக எழுதியிருந்தாள். முழு மார்க். மதியம் ஊசி போட லேபுக்கு வரவில்லை.

இதுதான் நாங்கள் நடத்துகிற படிப்பு. கேட்டால் சரியாகச் சொல்வார்கள், வீட்டுக்குப் போகும்போது வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அப்படித்தானே பாஸாகி வந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"டாக்டர்ட்ட கேட்டுட்டா நிறுத்துன?"

"இல்ல சார். சாட்சி சொன்ன பொறவு ஊசி போட்டா சாட்சி பொய்யாயிரும்லா. அம்மா வேண்டாம்னுட்டாவ." பிறகு சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரி ஊசிய மட்டும் அம்மா தூங்குன பொறவு போட்டேன் சார். பயமா இருந்துச்சு. யார்ட்டயும் சொல்லிறாதீங்க."

"சொல்லல. அதையாவது விட்றாத" என்றேன்.

நான் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை இந்த நோட்டில்கூட இன்னும் எழுதவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

தமிழ்த் தேர்வு. பெனினா அடிக்கடி எழுந்து தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் அனுமதி கேட்டாள். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் காப்பி அடிக்கப் போகிறாளோ என்று சந்தேகப்பட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி கருவாட்டுக் குழம்பு.

செப்டம்பர் 17, புதன்

சாயங்காலம் சபையில் பாடகர் குழுப் பயிற்சி.

பாட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் முசுடு. நான் வளர்ந்த பழைய கிறிஸ்தவக் கோவிலில் நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவோம். ஒருத்தன் தப்பினால் நாலு பேருக்கும் தெரியும். இங்கே எல்லோருக்கும் ஒரே குரல், ஒரே தாளம். தப்பினால் டிரம் பேடின் சத்தத்தை ஏற்றிவிட்டால் போதும். சத்தம் பெரிதாக இருந்தால் ஆவியும் பெரிதாக இறங்கும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கிருபா இந்தச் சபைக்கு வந்தாள், அதனால் நானும் வந்தேன். எனக்கு விசுவாசம் இல்லாமல் இல்லை. ராத்திரி படுக்கும்போது சத்தமில்லாமல் இரண்டு வாக்கியம் ஜெபிப்பேன். அதற்கு மேல் பேசினால் அவருக்குத் தொந்தரவு என்று எனக்கு ஒரு எண்ணம்.

பெனினா ஒரு வரியை முடிக்க முடியாமல் நடுவிலேயே மூச்சு வாங்கினாள். கன்னம் ஒட்டியிருந்தது. சுருதி எடுத்துக் கொடுப்பதற்காக அவள் பக்கம் குனிந்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. லேபில் கழுவிய கண்ணாடிக் குழாயைச் சீக்கிரம் காய வைக்க ஊற்றுவோமே, அசிட்டோன், அதே வாசனை. நகப்பூச்சு அழிக்கிற பாட்டிலைத் திறந்தால் வரும். அது ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்தது.

இன்சுலின் இல்லாத உடம்பு சர்க்கரையை எடுத்துக்கொள்ள முடியாமல் தன் கொழுப்பையே எரிக்கிறது. அந்தப் புகைதான் இந்த வாசனை. உள்ளே ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது. இதைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்றுதான் மோந்து பார்த்தேன்.

"ராத்திரி ஊசி போட்டியா?"

"அம்மா பாத்துட்டாவ சார். அவிசுவாசின்னு அழுதாவ. பேனாவக் கெணத்துல போட்டுட்டாவ."

கூட்டிப்போக லீலா வந்தாள். அவளைத் தனியாக நிறுத்தி, பிள்ளையை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றேன்.

"சார், நீங்களே இப்படிப் பேசலாமா? உங்க சாட்சியக் கேட்டுத்தான எனக்கு தைரியம் வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் லாரியில வட நாட்டுக்குப் போயிட்டாரு, நான் யார்ட்ட போய் கேக்க? சார் சயின்ஸ் வாத்தியாரு, எல்லாம் படிச்சவுங்க, அவுங்களே மாத்திரைய விட்டுட்டு சொகமா நடமாடுதாங்கன்னு நெனச்சேன். எம் பிள்ளைக்கு மட்டும் நடக்காதா?"

"பிரஷர் வேற லீலா, இது வேற."

"கர்த்தருக்கு எல்லாம் ஒண்ணுதான் சார்."

பக்கத்தில் கிருபா நின்றாள். பெருமையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கீபோர்டுக்கு உறை போட்டு மூடினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பள்ளி விட்டதும் நேராகப் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் காப்பி போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் ஊசிய நிறுத்தச் சொன்னேனா சார்? ஒரு நாளும் அப்படிச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"போடுன்னும் சொல்லலையே பாஸ்டர்."

காப்பியை என் பக்கம் நகர்த்தினார். "அந்தம்மா விசுவாசத்துல நிக்குது. நான் போய் ஊசி போடுன்னா, பாஸ்டருக்கே நம்பிக்கை இல்லன்னு ஆயிரும். நாளைக்கு உபவாச ஜெபத்துல பிள்ளைய வச்சு விசேசமா ஜெபிப்போம். நீங்க வந்துருங்க, வாசிக்க ஆள் இல்ல. உங்களுக்கே கர்த்தர் செஞ்சிருக்காரு, உங்களுக்குத் தெரியாததா?"

எல்லோரும் என்னைத்தான் காட்டுகிறார்கள்.

லாரியில் இருக்கிற அப்பாவின் நம்பரை வாங்கிப் பேசினேன். இரைச்சலுக்கு நடுவில், "நான் சொன்னா அவ கேக்க மாட்டா சார், நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பா" என்றார். இவரும் சேர்ந்துகொண்டார்.

சரி, எழுதிவிடுகிறேன். லேப் அலமாரியில் மேல்தட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் புட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் என் பிரஷர் மாத்திரை. தினமும் காலையில் நான் செய்கிற வழக்கமான வேலை அதுதான். சாட்சிக்குப் பிறகு பத்து நாள் மாத்திரையை விட்டுப் பார்த்தேன். வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாளும் விட்டதில்லை. தூத்துக்குடிக்கு வேலையாகப் போகிற மாதிரி போய், தெரியாத கடையில் வாங்கி வருகிறேன்.

கிருபாவிடம் ஏன் சொல்லவில்லை? எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாண வீட்டிலும் சபையிலும் அவள் ஓரமாகவே நின்று பழகியவள். ஆரத்தித் தட்டைக்கூட அவள் கையில் கொடுக்க மாட்டார்கள். அந்தச் சாட்சிக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. உடம்புக்கு முடியாதவர்கள் வீடு தேடி வந்து, "அக்கா, நீங்க ஜெபிங்க" என்கிறார்கள். பெண்கள் ஐக்கியத்துக்கு அவள்தான் தலைவி. முகமே தெளிந்துவிட்டது. நான் ஒரு மாத்திரையைக் காட்டினால் அத்தனையும் போய்விடும். அவள் என்னை மன்னிப்பாளா என்பதுகூட இல்லை, மறுபடியும் ஓரமாகப் போய் நிற்பதை நான் பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் பயம். பிள்ளையின் உயிருக்கும் பயம். இரண்டு பயமும் ஒரே நெஞ்சில் கிடந்து அடித்துக்கொள்கிறது, எது பெரிது என்று ஒரு அறிவியல் வாத்தியாருக்குத் தெரியாதா என்ன.

செப்டம்பர் 19, வெள்ளி, காலை

பெனினா தேர்வுக்கு வரவில்லை. மாத்திரை அட்டையைப் புட்டிக்குப் பின்னால் திரும்ப வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. இன்றைக்கு உரியதை இன்னும் போடவில்லை.

செப்டம்பர் 20, சனி

நேற்று எழுத முடியவில்லை. இப்போது பெரிய ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று மதியம் பெர்மிஷன் போட்டுவிட்டுச் சபைக்குப் போனேன். தகரக் கூரை, நல்ல வெக்கை, நாற்பது ஐம்பது பேர். பெனினா முன்னால் பாயில், லீலாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். உபவாசம் என்று அவளுக்கும் காலையிலிருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம். அசுத்தம் வெளியே போகிறது என்று யாரோ சொன்னார்கள். கிருபா அவள் காலடியில் முழங்காலில் நின்று அழுது ஜெபித்துக்கொண்டிருந்தாள். நடிப்பில்லை, அவள் உண்மையாகத்தான் அழுதாள்.

"சார் வந்துட்டாங்க. வாசிங்க சார்" என்றார் பாஸ்டர்.

போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து வாசித்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். விரல் தானாக மைனரைப் பிடித்தது, சபை பாடியது, நானும் கூடவே போனேன். மேடையிலிருந்து பார்த்தால் பிள்ளையின் நெஞ்சு ஓடி வந்தவள் மாதிரி ஏறி ஏறி இறங்கியது. ஆனால் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசித்தேன். பெரிய ஒலி இருக்கிற இடத்தில் சின்ன ஒலி கேட்காது. ஒலி பற்றிய பாடத்தில் நான் நடத்துவதுதான். அந்த மூச்சை இத்தனை பேர் காதுக்கும் எட்டாமல் மூடி வைத்திருந்தது என் கீபோர்டு.

சுவிட்சை அணைத்தேன்.

பாட்டு கொஞ்ச தூரம் தானாகப் போய் நின்றது. டிரம் பையனும் நிறுத்திவிட்டான். அப்போது எல்லோருக்கும் கேட்டது. ஆழமாக, வேகமாக, நிற்காமல் ஒரு மூச்சு. ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். பாஸ்டர் மைக்கைக் கீழே இறக்கினார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்றாள் லீலா.

நான் இறங்கிப் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். பையிலிருந்து அட்டையை எடுத்தேன். அவசரமாகப் பிதுக்கியதில் ஒரு மாத்திரை பாயில் விழுந்துவிட்டது. இன்னொன்றைப் பிதுக்கி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு விழுங்கினேன். தண்ணீர் இல்லாமல் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

"லீலா, இது பிரஷர் மாத்திரை. நான் இதை விடல. ரெண்டு வருசமா லேப்ல ஒளிச்சு வச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

"அப்போ அக்கா சொன்ன சாட்சி?"

"அவளுக்குத் தெரியாது. அவ உண்மைன்னு நம்பித்தான் சொன்னா. பொய் நான்தான். என்னைப் பாத்து நீ ஊசிய நிறுத்தினேன்னா, பாத்துக்கோ, நான் மாத்திரை போடுதேன். பிள்ளையத் தூக்கு."

லீலா என் கையிலிருந்த அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து பிள்ளையின் வாயை மோந்து பார்த்தாள். எத்தனை நாளாக மோந்துகொண்டிருந்தாளோ, இப்போதுதான் அழுதாள். "எம் பிள்ளைய நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன் சார்" என்று கேட்டாள்.

முதலில் எழுந்தவர் பாஸ்டர். "வண்டிய எடுக்கேன், கொண்டு வாங்க" என்று வெளியே ஓடினார். நானும் லீலாவும் தூக்கினோம். எடையே இல்லை. வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள், கிருபா மட்டும் முழங்காலிலேயே இருந்தாள். பாயில் விழுந்த மாத்திரை அவள் கையில் இருந்தது.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி உடனே தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் பாஸ்டரின் கண் ரோட்டிலேயே இருந்தது. ஒருவேளை ஜெபித்துக்கொண்டு ஓட்டினாரோ என்னவோ. நானும் ஜெபித்தேன், வழக்கமான இரண்டு வாக்கியத்தைவிட நிறைய. ஊசியைக் கண்டுபிடித்தவர்களுக்கு அறிவைக் கொடுத்தது நீர்தானே, எங்கள் முட்டாள்தனத்துக்கு இந்தப் பிள்ளையைத் தண்டிக்காதேயும் என்று கேட்டேன்.

இன்னும் கண் திறக்கவில்லை. நாளைக்குள் தெரியும் என்கிறார் டாக்டர்.

செப்டம்பர் 21, ஞாயிறு

விடியும்போது பெனினா கண் விழித்து அம்மாவைக் கேட்டாளாம். லீலா போன் பண்ணிச் சொன்னாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் சபைக்குப் போகவில்லை. கிருபா போனாள். ஸ்கூட்டரில் விடுகிறேன் என்றதற்குப் பதில் சொல்லாமல் நடந்தே போனாள். சீக்கிரமே வந்துவிட்டாள். எந்த வரிசையில் உட்கார்ந்தாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மதியம் சாம்பாரில் உப்பே இல்லை. கோபமா, அக்கறையா என்று தெரியவில்லை. முழுவதும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்

உப்பு இல்லை. பேச்சும் இல்லை.

செப்டம்பர் 24, புதன்

சாயங்காலம் தூத்துக்குடிக்குப் போய்ப் பெனினாவைப் பார்த்தேன். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கையில் இன்னும் டிரிப் ஊசி குத்தியிருந்தது, கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. லீலா என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். கோபமாகத்தான் இருப்பாள். இருக்கட்டும்.

எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாமல், "விட்டுப்போன பரீட்சையப் பத்திக் கவலைப்படாத" என்றேன். வாத்தியார் புத்தி.

நர்ஸ் புதுப் பேனா கொண்டுவந்து கொடுத்தார். பெனினா சட்டையைக் கொஞ்சம் விலக்கி, தானே போட்டுக்கொண்டாள். லேபில் போடுவது மாதிரியேதான், ஆனால் பாட்டை முனகவில்லை. மூடியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சார், அம்மா சொன்னாவ. நீங்களும் ஒளிச்சுதான் போட்டீங்களா?"

"ஆமா."

"எங்க வச்சிருந்தீங்க?"

"பெர்மாங்கனேட் புட்டிக்குப் பின்னால."

அவள் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு சைக்கிள் ஸ்டாண்டுல நான் சொன்னேன்லா சார், ராத்திரி ஊசிய ஒளிச்சுப் போடுதேன்னு. அப்பவே நீங்களும் சொல்லியிருக்கலாம். எம் பேனாவையும் அங்கனயே வச்சிருப்பேன். அம்மா கெணத்துல போட்டுருக்க மாட்டாவ."

வீட்டுக்கு வந்தேன். கிருபா படுத்துவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் அன்று பாயில் விழுந்த அந்த ஒற்றை மாத்திரை இருந்தது, ஒரு சின்னக் கிண்ணத்தில். தண்ணீர் வைக்கவில்லை. நானே எடுத்து வந்து, இன்றைக்கு இன்னும் போடாமலிருந்த மாத்திரையை விழுங்கினேன்.

காலாண்டு விடுமுறை முடிந்ததும் ஒன்பது பி வகுப்புக்குப் போக வேண்டும். பெனினா வருவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அலமாரியைத் திறந்து, புட்டியை நகர்த்திக் காட்டியே சொல்ல வேண்டும். நினைத்தாலே இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பிரஷர் இல்லை, மாத்திரை போட்டாயிற்று. இது வெறும் பயம்.